தாய்மொழியும் தன்மானமும்
(ஆர்.கே.பேட்டையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அன்றாட வாழ்க்கையில் நமது தாய்மொழியையும் இங்கிலீஷையும் எப்படி வைத்து நடத்துகிறோம் என்பதாகும். இதைப் பேச ஆர்.கே.பேட்டை மிகவும் தகுந்த ஊர். ஏனெனில், இத்திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்து, மொழியை முன்னிட்டு நடந்த கிளர்ச்சியின் பேரில், 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது.

கோடு மாறியதே தவிர, ஜனங்கள் மாறவில்லை. வீட்டுக்குள் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசுவோர் இங்கு ஏராளம். தறிக்கூலி பேசும்போது ஒரு வார்த்தை தெலுங்கு, மறுவார்த்தை தமிழ். இதனால் யாருடைய மானமாவது போயிற்றா? இல்லை. ஆகவே இரண்டு பாஷை வழங்குவது குற்றமுமல்ல, கஷ்டமுமல்ல என்பதற்கு நீங்களே சாட்சி.

ஆனால் இங்கிலீஷ் வந்துவிட்டால் கதை வேறாகி விடுகிறது. தெலுங்கு தெரியாதவனை யாரும் முட்டாள் என்பதில்லை. இங்கிலீஷ் தெரியாதவனோ, பிறர் சொல்லுமுன் தானே தன்னை முட்டாள் என்று எண்ணிக் கொள்ளுகிறான். நெசவாளி பாங்கிக்குப் போகிறார். இங்கிலீஷில் அச்சடித்த கடன் பத்திரத்தை நீட்டுகிறார்கள். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு வருகிறார். அந்தக் கூச்சத்திற்கு அவர் மாதாமாதம் பணம் கட்டுகிறார்!

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? புரியாத மந்திரத்திற்குத்தான் மகிமை என்று புரோகிதன் கற்றுக் கொடுத்ததிலிருந்து வந்தது. மலைமேல் இருப்பவரைத் 'தமிழ்க் கடவுள்' என்கிறார்கள். அப்படிப்பட்ட தமிழ்நாட்டில், கோயில்களில் தமிழில் அர்ச்சனை செய்ய 2021-ல் அரசாங்கம் தனியே ஒரு திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அர்ச்சனை எந்தப் பாஷையில் நடந்தாலும் கல்லுக்குக் காது கேட்கப் போவதில்லை. ஆனால் அங்கே பழகிய தலைகுனிவுதான் பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நம்மைக் குனிய வைக்கிறது.

நியூஸிலாந்து தேசத்துப் பூர்வகுடிகளான மவோரிகளைப் பாருங்கள். 1867-ல் வந்த சட்டத்தால் அவர்கள் பள்ளிகளில் இங்கிலீஷே போதனா மொழியாயிற்று. பின்னர் பல பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடியும் பட்டார்கள். 1972-ல் முப்பதினாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டுத் தங்கள் மொழிக்காகப் பார்லிமெண்டுக்கு மனுக் கொடுத்தார்கள். 1984-ல் நைடா கிளாவிஷ் என்ற டெலிபோன் உத்தியோகஸ்தரான அம்மையார், கூப்பிட்டவர்களை 'கியா ஓரா' என்று தம் மொழியில் வரவேற்றார். மேலதிகாரி கூடாதென்றார், அம்மையார் விடவில்லை. தேசமெங்கும் அதுவே பேச்சாகி, கடைசியில் அந்த வார்த்தையே வென்றது. 1987-ல் மவோரி மொழி சட்டப்படி ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. அம்மையார் இங்கிலீஷை வெறுத்தாரா? இல்லை. அதே டெலிபோனில் இங்கிலீஷிலும் பேசினார். தம் மொழியைச் சொல்ல வெட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நமக்கோ 1956-லேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. பாங்கிச் சீட்டுகள் இங்கிலீஷ், இந்தி, அந்தந்த வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டுமென்று ரிசர்வ் பாங்கியே விதித்திருக்கிறது. செக்கையும் தமிழில் எழுதலாம். ஆனால் கேட்கிறவர் இல்லாத சட்டம் பூட்டிய பெட்டியிலுள்ள அரிசிக்குச் சமானம்.

நாம் இங்கிலீஷ் வேண்டாமென்பவர்களல்ல. விஞ்ஞானத்திற்கும் வெளியுலகத்திற்கும் அது வேண்டும். உங்கள் பெண்மக்களுக்கும் அதை நன்றாகக் கற்பியுங்கள். தமிழைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டவும் சொல்லவில்லை. பாஷை மனிதனுக்காக ஏற்பட்ட கருவி. கருவி துருப்பிடிக்காமலிருக்க அதைத் தினமும் கையாள வேண்டும்.

ஆகவே தோழர்களே! நாளை முதல் தமிழில் கையெழுத்திடுங்கள். பாங்கியில் தமிழ்ச் சீட்டு கேளுங்கள். மருந்தை எத்தனை வேளை, எதற்காகச் சாப்பிட வேண்டுமென்று டாக்டரிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்திருங்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் அதையும் வெட்கமின்றிப் பேசுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று இந்த ஊரார் உறுதி செய்துகொண்டால், அதுவே பெரிய சுயமரியாதைக் காரியமாகும் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.