பள்ளி வாழ்வும் உள்ள வளர்ச்சியும்

ஆண்டின் இறுதியில் நம் பிள்ளைகள் மதிப்பெண் தாளை வீட்டிற்குக் கொண்டுவருகிறார்கள். கணக்கில் இத்தனை, விஞ்ஞானத்தில் இத்தனை, ஹிந்தியில் இத்தனை என்று வரிசையாகப் பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுகிறோம். அந்த ஓராண்டில் பிள்ளை எவ்வளவு உயரம் வளர்ந்தது என்பதையும் கதவு நிலையில் கோடிட்டு அளந்துவிடுகிறோம். உள்ளத்தில் அது எவ்வளவு வளர்ந்தது என்பதை அளப்பதற்கோ நம்மிடம் கோல் இல்லை; கேட்டறிவதற்கு நேரமும் இருப்பதில்லை. அதை அறிந்து சொல்லத் தக்கவர் ஒருவரே. அவர் அந்த மாணவர்தாம். தாம் செய்ததையும் தமக்கு நேர்ந்ததையும் திரும்பிப் பார்த்து, 'இதனால் நான் எவ்வாறு மாறினேன்?' என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

பாடப் புத்தகத்திற்கு வெளியேயும் கல்வி உண்டு என்பது நம் நாட்டிற்குப் புதிய கருத்தன்று. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி புகட்டப்பட வேண்டும் என்ற கருத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948இல் தேசிய மாணவர் படைக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1950இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருப்பெற்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, தொழில் அனுபவமும் சமூக சேவையும் பள்ளிக் கல்வியில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக் கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேற்சென்றது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பையைச் சுமக்காமல், தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் சென்று பழக வேண்டும் என்று அது கூறுகிறது. முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு, மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவதும் சேர வேண்டும் என்பதும் அதன் கருத்து.

ஆயினும், செயலில் ஈடுபட்டதனாலேயே வளர்ச்சி வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நாடகத்தில் நடித்தவர் அனைவரும் அதனால் மாறிவிடுவதில்லை; முகாமுக்குச் சென்றவர் அனைவரும் முதிர்ச்சி பெற்றுத் திரும்புவதில்லை. நடந்ததை மீண்டும் மனத்தில் நிறுத்தி ஆராய்ந்தால்தான் அனுபவம் அறிவாகிறது. காந்தியடிகளின் சுயசரிதையே இதற்குச் சான்று. பள்ளி நாட்களில் அவர் தேகப் பயிற்சியை வெறுத்தார். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை என்றும் எண்ணியிருந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களும் இளைஞர்களும் எழுதிய அழகிய கையெழுத்தைக் கண்டு நாணினார். இவற்றை அவர் மறைக்கவில்லை. 1925 முதல் 'நவஜீவன்' வார இதழில் தம் வரலாற்றை எழுதியபோது, இவ்விரண்டும் தம் பிழைகளே என்று ஊரறியச் சொன்னார். ஐம்பது வயதைக் கடந்த பிறகும் தம் பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்த்து அவர் பாடம் கற்றுக்கொண்டார் என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்பழக்கம் எவ்வளவு துணைசெய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அண்மையில் நாம் கண்ட ஓர் அனுபவத்தை இங்கே கூறுதல் பொருந்தும். தில்லியில் நாம் வசிக்கும் குடியிருப்பில் தமிழன்பர்கள் சிலர் சேர்ந்து பொங்கல் விழாவை ஒட்டி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தார்கள். 'இவ்வாண்டில் என்னை வளர்த்தது எது?' என்பது தலைப்பு. ஒரு பக்கத்திற்கு மேல் எழுதக்கூடாது. தாளில் பெயருக்குப் பதிலாக எண் மட்டுமே இருக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரிபவர் என்ற காரணத்தால், கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார்கள். வந்தவை 31 கட்டுரைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தோம்.

இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. விளையாட்டினால் கூட்டுறவு மனப்பான்மை வளர்ந்தது. பேச்சுப் போட்டியினால் தன்னம்பிக்கை வளர்ந்தது. முகாமினால் தலைமைப் பண்பு வளர்ந்தது. பிழை சொல்வதற்கில்லை, ஆயினும், எழுதியவர் யார் என்பது ஒரு வரியிலும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. அத்தகைய வாக்கியங்களை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாமேயன்றோ? அலுவலக ஆண்டறிக்கைகளில் இவை போன்ற தொடர்களை நாமே எத்தனையோ ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறோம். அவற்றில் எல்லாம் முன்னேற்றமே. யாரும் தவறியதில்லை, யாரும் வருந்தியதும் இல்லை.

எஞ்சியவற்றுள் இரண்டு எம் மனத்தைத் தொட்டன. ஒரு மாணவர் தொடர் ஓட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். அவர் கைக்குக் கோல் மாறும்போது அது கீழே விழுந்து, பள்ளி தோற்றது. கொடுத்தவன்மீது பழி போட்டு மூன்று நாட்கள் அவனோடு பேசாமல் இருந்தார். நான்காம் நாள் பயிற்சியின்போது, கோல் தம் உள்ளங்கையில் படுமுன்பே தாம் விரைந்து ஓடத் தொடங்கிவிடுவதை ஆசிரியர் காட்டித் தெரிந்துகொண்டார். நண்பனிடம் சென்று தவறு தன்னுடையது என்று சொன்னார். 'ஓடுவதைவிட அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிக மூச்சு வேண்டியிருந்தது' என்பது அவர் எழுதிய வாக்கியம்.

மற்றொரு மாணவி, ஆண்டு விழா நாடகத்தில் தமக்கு வேடம் கிடைக்காததைப் பற்றி எழுதியிருந்தார். திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையே அவருக்குக் கிடைத்தது. முதலில் அழுதாராம். நாடகத்தன்று இரண்டு பேர் வசனத்தை மறந்தார்கள்; இரண்டு முறையும் இவருடைய மெல்லிய குரல் நாடகத்தைக் காப்பாற்றியது. சபையில் யாருக்கும் அது தெரியாது. 'எனக்குத் தெரியும், அது போதும் என்று தோன்றியது. ஆனால் மறு ஆண்டும் வேடம் கேட்பேன்' என்று முடித்திருந்தார். அந்தக் கடைசிப் பகுதியை எழுதத் துணிந்ததனாலேயே முற்பகுதியை நாம் நம்பினோம்.

இருபத்தேழாம் எண்ணுள்ள தாளைப் பற்றிச் சொல்லத்தான் நமக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. அதில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. லகர ளகர ழகர வேறுபாடு இல்லை. றகரம் நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் ரகரம். தொழிற்பழக்கத்தால் கை தானாகவே ஓடி, பதினான்கு இடங்களில் சிவப்புக் கோடிட்டுவிட்டது. இறுதி வரியை அடைந்த பிறகுதான், திருத்தினோமேயன்றிப் படிக்கவில்லை என்பது உறைத்தது. மீண்டும் முதலிலிருந்து படித்தோம்.

கோடை விடுமுறையில் பாட்டியின் ஊருக்குச் சென்றிருந்த ஒரு சிறுமி எழுதியது அது. தாத்தா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. வெளியூரில் வேலை பார்த்த நாட்களில் அவர் எழுதிய அஞ்சலட்டைகளைப் பாட்டி ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். பாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. 'ஒன்றைப் படித்துக் காட்டு, கண்ணு' என்று பேத்தியிடம் நீட்டினார். பேத்திக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது. விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் பட்டப்பகலில் பாட்டி மீண்டும் கேட்டார். அன்று சொல்வதற்குப் பொய் ஒன்றும் அகப்படவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடி வைத்தார். 'என் அப்பா தமிழில்தான் வேலை செய்கிறார். எனக்கு எழுத்து சொல்லித் தர அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஞாயிறு வகுப்பில் முதல் வகுப்புக் குழந்தைகளுடன் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து மாதமாகப் படிக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. இது நான் தமிழில் எழுதும் முதல் கட்டுரை.'

நேயர்களே, அந்தச் சிறுமி எம் மகள். பெயரில்லாவிடினும் உண்மை விளங்காமல் இல்லை. அவள் அந்த வகுப்பிற்குச் செல்வது எமக்குத் தெரியும். ஏன் செல்கிறாள் என்பது தெரியாது. நாம் கேட்டதில்லை. அந்தத் தாளைத் தேர்விலிருந்து விலக்கும்படி அன்பர்களிடம் தெரிவித்தோம். பரிசு நாடகத்தைப் பற்றி எழுதிய மாணவிக்குச் சென்றது. ஆனால் சிவப்புப் பென்சில் கோடுகளை விலக்க முடியவில்லை. மாலையில் மகளை அழைத்துத் தாளைக் காட்டி, 'திருத்தியது பிழை, அம்மா; முதலில் படித்திருக்க வேண்டும்' என்று சொன்னோம். தொடர் ஓட்டத்து மாணவர் கூறிய மூச்சு எவ்வளவு என்பது அன்று எமக்கும் விளங்கிற்று. அவள் தாளை வாங்கிப் பார்த்து, 'பதினாலுதானா, அப்பா? நான் நிறைய இருக்கும் என்று நினைத்தேன்' என்றாள்.

இந்நிகழ்ச்சியை எம் வீட்டுக் கதையாக மட்டும் கருதிச் சொல்லவில்லை. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. நம் முன்னோர் இக்குறையை அறியாதவர் அல்லர். தலைநகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று 1923இல் தொடங்கிய முயற்சியே, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளாக இன்று வளர்ந்திருக்கிறது. பம்பாயில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அமைந்தது. மாற்றலுக்கு உரிய மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காக 1963 முதல் கேந்திரீய வித்தியாலயங்கள் ஏற்பட்டன. பள்ளிகள் தம் கடமையைச் செய்துவருகின்றன. ஆயினும், பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்கும் கடமையை எந்தப் பள்ளியிடமும் முழுவதும் ஒப்படைத்துவிட முடியாது.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியேயும் அனுபவங்கள் மிகுதி. மாற்றல் உத்தரவு வந்ததும் பழகிய நண்பரை விட்டுப் பிரிகிறார்கள். புதிய ஊரில் தம் பெயரைப் பிறர் திரித்து அழைப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரிடம் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, அடுக்களையில் ஒரு மொழி என்று ஒரே நாளில் மும்மொழியில் வாழ்கிறார்கள். இவை யாவும் பெருங்கல்வியே. ஆனால் திரும்பிப் பார்க்கப்படாத அனுபவம், பிரித்துப் படிக்கப்படாத கடிதத்தைப் போன்றது.

எனவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம். வாரத்திற்கு ஒரு முறை அரைப் பக்கம் எழுதும்படி பிள்ளைகளைத் தூண்டலாம். கேள்விகள் மூன்று போதும்: என்ன நடந்தது? அப்பொழுது என்ன நினைத்தேன்? இப்பொழுது என்ன நினைக்கிறேன்? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள தூரமே வளர்ச்சி. இதற்குப் பரிசு வேண்டியதில்லை. பரிசு வந்தால் பரிசுக்குரிய வாக்கியங்களே வரும். பிள்ளையின் அனுமதியின்றி அதைப் படிக்கவும் கூடாது. எந்த மொழியில் எண்ணம் வருகிறதோ அந்த மொழியில் எழுதட்டும். இடையிடையே ஒரு பக்கமேனும் தமிழில் எழுதட்டும். அப்பக்கத்தில் பிழை இருந்தால் அன்றே திருத்த முற்படாமல், சொன்ன பொருளைப் பற்றி முதலில் பேசுவோம். எழுத்தைப் பற்றி மறுநாள் பேசலாம். முடிந்தால், பெற்றோரும் தமக்கென்று ஓர் அரைப் பக்கம் எழுதட்டும். தவற்றை ஒப்புக்கொள்ளும் தைரியத்தைப் பிள்ளைகள் பிறர் சொல்லக் கேட்டுக் கற்பதில்லை, கண்டே கற்கிறார்கள்.

பங்குனியில் எம் மகள் தன் பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாள். தபாலில் சேர்க்கும்படி அதை எம்மிடம் கொடுத்தாள். அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் படித்தோம். மூன்று பிழைகள் இருந்தன. பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு நடந்தோம். வரும் விடுமுறையில் தாத்தாவின் கடிதங்களைத் தானே படித்துக் காட்டுவதாக அதில் எழுதியிருந்தாள். ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டோம்.