ஒரு எண்ணை நம்பி ஊசியைக் கூட்டாதீர்கள்!

தெருப் பிராணிகள் மீது பரிவு வேண்டி 2013-இல் சுவர்களில் பூனைகளை வரைந்த ஊர் பினாங்கின் ஜார்ஜ் டவுன். அங்கும் வீட்டுப் பூனைக்கு இனிப்பு நீர் என்றால் சிரிப்பவர் உண்டு. தண்ணீரை ஓயாமல் குடித்து, நன்றாகச் சாப்பிட்டும் பூனை இளைத்தால் அது சிரிக்கும் விஷயமல்ல.

இன்சுலின் தொடங்கிய பிறகுதான் குழப்பமே. காலையில் 20, மாலையில் 8 என்று சர்க்கரை ஏறி இறங்கும். உடனே ஊசியைக் கூட்டாதீர்கள்! கிளினிக்கில் பயந்தாலே, நோயில்லாத பூனைக்கும் 16 மில்லிமோலைத் தாண்டலாம். வீட்டிலேயே காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 2 மணிக்கொரு முறை 12 மணி நேரம் அளந்து எழுதுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றட்டும்.

ஊசிக்குழலிலும் கவனம் தேவை. யு-100 இன்சுலினை யு-40 குழலில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பூனை சாப்பிடாத வேளையில் ஊசி போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தள்ளாடினால் ஈறில் தேனைத் தடவிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஆரம்பத்திலேயே கவனித்த பல பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. வாயில்லா ஜீவனுக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் வாய்.