ஆய்வு மாணவருக்கும் ஓர் உதவித்தொகை
(ஆலயக் கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



நமது கல்வி நிதி இதுவரை உயர்நிலைப்பள்ளி, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கே சென்று வந்துள்ளது. எரிசக்திக் கொள்கை பற்றி ஆய்வு செய்ய விரும்பும் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கும் ஓராண்டு உதவித்தொகை அளிக்கலாம் என்று குழுவில் நான் சொன்னேன். "சார், மின்சாரத்தை ஆராய அரசாங்கம் இருக்கிறதே, கோயில் பணம் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்கிலேயே பதில் சொல்கிறேன். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறுவது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்திற்கு 160 கிலோ. 2019இல் கரிம வரி தொடங்கியபோது டன்னுக்கு 5 வெள்ளி. மின் நிலையம் கட்டும் அந்த வரி முழுவதும் கட்டணத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அக்குடும்பத்தின் பங்கு 80 காசு. 2024இல் வரி 25 வெள்ளியானது. பங்கு 4 வெள்ளி. 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. பங்கு 7 வெள்ளி 20 காசு. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இந்த வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க வேண்டுமென்றால் புகைக்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும். சுமையைக் குறைக்க வீவக குடும்பங்களுக்கு யூ-சேவ் தள்ளுபடியும் உண்டு. அது பெரும்பாலும் வீட்டின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மூவறை வீட்டில் ஏழு பேர் வாழ்ந்தால் அது போதுமா? தேக்காவில் நாள் முழுதும் குளிர்பெட்டி ஓடும் சிறு உணவுக்கடைக்காரர் என்ன செய்கிறார்? தோசை விலையை ஏற்றுகிறாரா, வேலையாளைக் குறைக்கிறாரா? இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கடையில் உட்கார்ந்து, அவர் மொழியில் பேசி, பில்களைப் பார்க்கப் பொறுமையுள்ள ஒரு மாணவர் போதும்.

இயந்திர ஆய்வு வேறு. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரிய மின் நிலையத்தில் 1,22,000 தகடுகள். உச்ச உற்பத்தி 60 மெகாவாட். அதற்கு முன்பே, 2016இல், அதே நீரில் 1 மெகாவாட் அளவில் சோதனைக்களம் அமைத்துப் பலவகை மிதவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த வேலைக்கு நம் சில ஆயிரம் வெள்ளி கடலில் கரைத்த பெருங்காயம். கொள்கை ஆய்வுக்கோ அதே பணம் ஒருவரின் ஓராண்டுப் பேருந்துச் செலவு, சாப்பாடு, நேரம். நண்பருக்கு என் பதில் இதுதான்.

பெற்றோரிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆய்வு உதவித்தொகை, பட்டதாரி வேலையின் முதல் சம்பளத்தைவிடக் குறைவு. "பட்டம் வாங்கியும் இன்னும் படிப்பா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் வீட்டு வாடகைக்கு மகளின் சம்பளம் தேவை. அந்தப் பெண் வேலைக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் விலகிவிட்டால், மின்கட்டணத்துக்காக விளக்கை அணைத்து வைத்த வீட்டைப் பார்த்திராதவர்களே இக்கேள்விகளை எழுதுவார்கள். எனவே தொகை பெயரளவுக்கு இருக்கக் கூடாது. வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கும்படி இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பங்கில் ஒரு காசும் எடுக்க வேண்டாம். இதற்குத் தனி நன்கொடைப் பட்டியல் திறப்போம். பொறியியல் மட்டுமல்ல, பொருளியல், சட்டம், சமூகவியல் பயில்வோரும் விண்ணப்பிக்கட்டும். நான் கேட்கும் நிபந்தனை ஒன்றே: ஆண்டு முடிவில் அந்த மாணவர் இதே மண்டபத்தில், தம் முடிவுகளை நமக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நன்கொடையாக எனது காசோலையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.