குளியலறைத் தளமும் இருவகைக் கனமும்

(ஊராட்சி அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



பொதுக் குளியலறையின் தளத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். சாலையில் ஒரு பள்ளம் இருந்தால் வண்டி குலுங்கும். ஈரத்தரையில் ஒரு மேடு தடுக்கினால் முதியவரின் இடுப்பெலும்பு முறியும். ஆகவே இதனைச் சிறு வேலையென்று எண்ணலாகாது.

துணி துவைத்துக் குடமும் வாளியும் வைக்கும் இடத்துக்கு மெருகிடாத கடப்பைக் கல் உகந்தது, அடி தாங்கும். மற்ற இடத்துக்குச் சொரசொரப்பான தள ஓடு போதும். இரண்டையும் ஒரே அறையில் பதிப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் கல்லின் கனம் 20 மில்லிமீட்டர் என்றால், ஓட்டின் கனம் 8 மில்லிமீட்டர்தான். இந்த 12 மில்லிமீட்டர் வேற்றுமையை முன்னரே கணக்கிடாவிட்டால் என்ன நேரும்? மூலைக்கு ஓர் உருண்டைக் கலவை வைத்து ஓடுகளைத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். மேலே பார்வைக்கு மட்டமாக இருக்கும், அடியிலோ வெற்றிடம். அதில் நீர் தங்கும். வாளி விழுந்த அன்றே ஓடு உடையும்.

இதற்கு வழி எளிது. கணக்கை மேலிருந்து கீழே போட வேண்டும். வேலை முடிந்தபின் தளம் நிற்க வேண்டிய மேல்மட்டத்தை, மட்டக்குழாய் கொண்டு நான்கு சுவர்களிலும் கோடிட்டுக் கொள்ளுங்கள். நீர் வெளியேறும் வாயை நோக்கி, 5 அடிக்கு முக்கால் அங்குலம் சரிவு இருக்கட்டும். கல்லானாலும் ஓடானாலும் அதன் கீழே 20 மில்லிமீட்டர் கலவை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடித்தளம், கல்லுக்குக் கோட்டிலிருந்து 40 மில்லிமீட்டர் கீழும், ஓட்டுக்கு 28 மில்லிமீட்டர் கீழும் நிற்க வேண்டும். அதாவது, ஓடு வரும் பகுதியை மட்டும் 12 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். கடப்பைக் கல்லின் கனம் கல்லுக்குக் கல் சற்று மாறும். எல்லாவற்றையும் அளந்து, மிகக் கனமானதையே கணக்கில் கொள்க.

உயர்த்தும் பகுதியைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, சிமெண்டுப் பால் தடவி, அது உலருமுன் ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த கலவையைப் பரப்பி மட்டப்பலகையால் இழுக்க வேண்டும். 7 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். பின்னர் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரின் அடிப்பகுதி வரை ஏற்றிப் பூசி, அது நன்கு உலர்ந்தபின், நீர்வாயை அடைத்து, 24 மணி நேரம் நீர் தேக்கிப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கவில்லை, வெளிச்சுவரும் நனையவில்லை என்று கண்ட பின்னரே கல்லும் ஓடும் பதிக்கலாம். பதிக்கும்போது கலவை அடிமுழுவதும் நிரம்பியிருக்க வேண்டும்.

ஊராட்சி அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததென்று கையெழுத்திடுமுன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு வாளி நீரைக் கொட்டுங்கள்; எங்கும் தேங்காமல் ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டையும் கோலால் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் அதைப் பெயர்த்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். கல்லும் ஓடும் சேரும் இடத்தில் வெறுங்காலால் நடந்து பாருங்கள். விளிம்பு தட்டக் கூடாது.

இச்சோதனைகளுக்குப் படிப்பும் வேண்டா, பணமும் வேண்டா. நம் வீட்டுத் தாய் அந்தத் தரையில் நடக்கப்போகிறாள் என்ற நினைவு இருந்தால் போதும்.