கட்சிக்காரர் பணமும் வழக்கறிஞர் ஒழுக்கமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றுள்ளன. கல்வியின் மேன்மையை எமக்கு முன் பேசிய அறிஞர்கள் அழகுற எடுத்துரைத்தனர். கழகத்தின் வழக்கறிஞர் உறுப்பினர்கள் சார்பில் வந்துள்ள நாங்கள், எங்கள் தொழிலைப் பற்றியே பேச விரும்புகிறோம். கட்சிக்காரரின் பணத்தில் தவறிழைக்கும் வழக்கறிஞர்மீது எடுக்கத்தக்க நடவடிக்கை யாது என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள். மங்கல விழாவில் இப்பேச்சு வேண்டுமா எனச் சிலர் கருதலாம். விழா மலர் வீடுதோறும் செல்லும். அதனைப் படிக்கும் ஒரு குடும்பமேனும் தன் பணத்தைக் காத்துக்கொள்ளுமாயின், இவ்வுரை பயனுடையதாகும்.

நீதிமன்றம் நம் மக்களுக்கு அந்நியமான இடமன்று. 1927-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் நீர் பருகினார். அக்குளம் தமக்கே உரியது என்று சாதி இந்துக்கள் அவ்வாண்டே உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில், 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்தம் கோரிக்கையை ஏற்க மறுத்தது. குளத்து நீருக்கே பத்தாண்டு வழக்காடிய வரலாறு நம்முடையது. இன்றும் பஞ்சமி நிலம், மனைப்பட்டா, நில எடுப்பு இழப்பீடு, சாலை விபத்து இழப்பீடு, வன்கொடுமை வழக்கு எனப் பலவற்றிற்கும் நாம் நீதிமன்றத்தை நாடியே ஆக வேண்டியுள்ளது.

அங்கே செல்லும் ஏழைக்கு வழக்கறிஞரே கண்ணும் வாயும் ஆவார். வக்காலத்தில் கைந்நாட்டு வைத்த நாள் முதல், தம் உரிமை முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்து விடுகிறார். நீதிமன்றத்தில் செலுத்தப்பட்ட இழப்பீட்டுத் தொகையை வாங்கித் தருபவரும் பெரும்பாலும் அவ்வழக்கறிஞரே. ஆகவே, அவருடைய நாணயம் தவறினால் எதிர்க்கட்சியிடம் தோற்றதைக் காட்டிலும் பெரிய இழப்பு நேர்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துகிறோம். வழக்கறிஞர் கட்டணம் பெறுவது குற்றமன்று. உழைப்புக்குக் கூலி கேட்டுப் போராடிய சமுதாயம், பிறர் உழைப்புக்குரிய கூலியை மறுத்தல் தகாது. வழக்குத் தோற்றுவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கறிஞர்மீது பழி சுமத்துவதும் முறையன்று. கட்டணம் வேறு, கட்சிக்காரரின் பணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் தவறு பிறக்கிறது.

இந்திய பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறுகின்றன. கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்திற்கு வழக்கறிஞர் கணக்கு வைத்தல் வேண்டும். பெற்ற தொகை கட்டணத்திற்கா, செலவுக்கா என்பதைக் கணக்கில் குறித்தல் வேண்டும். செலவுக்கென்று வாங்கிய பணத்தை, கட்சிக்காரரின் எழுத்து மூலமான ஒப்புதலின்றிக் கட்டணமாக மாற்றிக்கொள்ளல் ஆகாது. கட்சிக்காரர் பொருட்டு ஏதேனும் தொகை கைக்கு வந்தால், கூடிய விரைவில் அவருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் கேட்டால் கணக்கின் படியைத் தருதல் வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் தடுக்கப்பட்டுள்ளன.

விதிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குச் சில வழக்குகளைக் கூறுகிறோம்.

உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தறிவற்ற ஏழை முதியவர் ஒருவரின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, 8,118 ரூபாயை இழப்பீடாக நீதிமன்றத்தில் செலுத்தியது. அவருடைய வழக்கறிஞர் 1987-ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்தொகையைப் பெற்றார். முதியவருக்குத் தெரிவிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. செய்தி அறிந்து கேட்டும் பயன் இல்லாமற்போகவே, முதியவர் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார். கட்டணத்தையும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டதாக வழக்கறிஞர் பதிலுரைத்தார். பின்னர், சமாதானம் ஆகிவிட்டது என்று முதியவர் பெயரிலேயே ஒரு பிரமாண வாக்குமூலத்தையும் தாக்கல் செய்தார். அது தம்முடையதன்று என முதியவர் மறுத்தார். அது பொய்யாகப் புனையப்பட்டது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. இந்திய பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மூன்றாண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. தண்டனை மிகுதி என்று வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்நீதிமன்றமோ 2002-இல் அத்தண்டனை போதாதென்று கருதி, அவர் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கியது.

எட்டாயிரம் ரூபாய்க்கு இத்துணைப் பெரிய தண்டனையா என வியக்க வேண்டா. நிலத்தை இழந்தவனுக்கு அதன் விலையே எஞ்சிய சொத்தாகும். கையெழுத்திடத் தெரியாத ஒரு முதியவர் கொடுத்த புகார், நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை நின்று வென்றது என்பதை நம் இளைஞர்கள் ஊர்தோறும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் அத்தகைய வழக்கு உண்டு. கடன் உறுதிச் சீட்டுகளின் மீது வழக்குத் தொடுக்கும்படி, செவிப்புலன் குன்றிய முதியவர் உள்ளிட்ட கட்சிக்காரர்கள் ஒரு வழக்கறிஞரிடம் பணம் கொடுத்தனர். அவர் வழக்குத் தொடுக்காமலேயே, தொடுத்ததாக அவர்களை நம்ப வைத்தார். மாநில பார் கவுன்சில் அவருக்கு ஆறாண்டுத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதனை ஓராண்டாகக் குறைத்தது. 1978-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, சட்ட உதவி அமைப்பொன்றில் ஊதியமின்றிப் பணியாற்றவும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும் வழி வகுத்தது. ஏழையை ஏமாற்றியவர் ஏழைகளுக்கே உழைத்துத் தம் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து.

கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதற்கு வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமக்குரிய பாக்கியை அவர் வேறு சட்ட வழியில் கேட்கலாம். விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம், இழப்பீட்டில் இத்தனை சதவிகிதம் என்று கணக்கிட்டுக் கட்டணம் கேட்டு, காசோலை பெற்று, அதன்மீது வழக்கும் தொடுத்தார் தெலுங்கானாவில் ஒரு வழக்கறிஞர். 2017-இல் அவ்வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆதலின் ‘வரும் தொகையில் கால் பங்கு எனக்கு’ என்று பேசும் ஒப்பந்தத்தை நம் தாய்மார்கள் அஞ்சாமல் மறுக்கலாம்.

இனி, புகார் கொடுக்கும் முறையைக் கூறுகிறோம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, மாநில பார் கவுன்சிலிடம் புகார் கொடுக்கலாம். நமக்குரியது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். புகாரைத் தமிழிலேயே எழுதலாம். முகாந்திரம் உண்டெனக் கண்டால், மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிற்கு அது அனுப்பப்படும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அக்குழுவிற்கு அதிகாரம் உண்டு. குற்றம் நிலைபெற்றால் கண்டித்தல், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதித்தல், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குதல் ஆகிய தண்டனைகளுள் ஒன்றை விதிக்கலாம். ஓராண்டிற்குள் விசாரணை முடிவுறாவிடில், அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். முடிவில் குறை இருப்பின் அறுபது நாட்களுக்குள் அங்கு மேல்முறையீடு செய்யலாம்; அதன்பின் உச்ச நீதிமன்றம் உள்ளது. புகார் கொடுத்தவரை மிரட்டியோ பணம் கொடுத்தோ புகாரைத் திரும்பப் பெறச் செய்தாலும், அக்காரணத்தால் மட்டும் விசாரணை கைவிடப்படுவதில்லை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை என்பது தொழிலின் தூய்மையைக் காப்பதற்கே ஏற்பட்டது. இழந்த பணத்தை மீட்டுத் தருவது அதன் முதன்மை நோக்கமன்று. பணத்தை மீட்க உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் கூறப்படும் நம்பிக்கை மோசடியாகுமாயின், காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் மன்றம் செல்லலாம் என்று சிலர் கூறுவர்; வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என 2024 மே திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பார் கவுன்சிலின் கதவைத் தட்டுவது முன்னிலும் இன்றியமையாததாயிற்று.

கதவைத் தட்டுமுன் கையில் சான்று வேண்டும். ஒருவருடைய தொழிலையே பறிக்கத்தக்க குற்றச்சாட்டு வலுவாக மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும் என்பது நீதியே. எனவே, எவ்வளவு பழகிய வழக்கறிஞராயினும் கொடுத்த பணத்திற்கு ரசீது கேளுங்கள். குமாஸ்தா கையில் கொடுத்தாலும் கேளுங்கள். கூடுமானவரை வங்கி வழியாகவே பணம் செலுத்துங்கள். வழக்கு எண்ணையும் வாய்தா நாளையும் குறித்து வையுங்கள். எழுதாத தாளில் கையெழுத்தோ கைந்நாட்டோ இடாதீர்கள். இழப்பீட்டுத் தொகையை உங்கள் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கும்படி வேண்டுங்கள். ரசீது கேட்பது அவமதிப்பு ஆகாது. நாணயமான வழக்கறிஞர் அதனை வரவேற்பார்.

மற்றொன்றும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, 15100 என்ற தொலைபேசி எண்ணையோ அணுகலாம். அவ்வாறு அமர்த்தப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் தனியே கட்டணம் கேட்கக் கூடாது. தாலியை அடகு வைத்து வழக்கு நடத்தும் முன் இவ்வுரிமையை நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக, சொல்லுதற்குச் சற்றே கடினமான ஒன்று. தவறு செய்தவர் நம் சமுதாய வழக்கறிஞராக இருந்தால் என் செய்வது? ‘நம் பிள்ளை எத்தனையோ இடர்ப்பட்டுப் படித்து வந்தவன்; புகார் கொடுத்தால் ஊரார் நகைப்பர்; பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று பெரியோர் கூறுவது வழக்கம். அவர்தம் வேதனை எங்களுக்குப் புரிகிறது. நம்மவர் ஒருவர் தவறினால் சமுதாயம் முழுவதையும் தூற்றுவதற்குக் காத்திருப்போர் உளர் என்பதும் மெய்யே. ஆயினும், அந்தத் தூற்றலுக்கு அஞ்சி நாம் வாய் மூடினால், ஏமாந்த விதவைக்கும் முதியவருக்கும் யார் துணை நிற்பார்? அவர்களும் நம்மவரே அல்லரோ? அவர்களுடைய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்வது முதற்கடமை. அதன் பின்னும் தவறு பெரிதாயின், புகார் எழுத அவர்களுக்குத் துணை நிற்பது கழகத்தின் கடமை. நேர்மையாக உழைக்கும் எங்களைப் போன்றோரின் பெயரைக் காப்பதும் அதுவே.

கழகத்தின் உதவித்தொகை பெற்றுச் சட்டக் கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, நாளை உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்பவர் உங்கள் தாயைப் போன்ற ஒருவராக இருப்பார். சேலை முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை எண்ணிக் கொடுப்பார். அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்த பின்னரே வழக்குக் கட்டைத் திறவுங்கள். கட்டணத்தை முன்னரே தெளிவாகப் பேசுங்கள். பெற்றதையும் செலவிட்டதையும் அன்றன்றே எழுதி வையுங்கள். இப்பழக்கம் முதல் வழக்கிலேயே தொடங்குதல் வேண்டும்.