வளைத்தவனுக்கும் வயிறு உண்டு
(தியன் பியன் பூ முற்றுகை பற்றி, மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

முற்றுகை என்றால் என்ன? எதிரியைச் சுற்றி வளைத்து, உள்ளே சோறும் மருந்தும் தோட்டாவும் போகாமல் அடைப்பது. கோட்டைக்குள் இருப்பவன் பட்டினி கிடந்து பணிவான் என்று கதைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் வெளியே நிற்கிறவனும் சாப்பிட வேண்டுமே! வளைத்தவனுக்கும் வயிறு உண்டு. சரித்திரத்தில் எத்தனையோ பெரிய சேனைகள், வளைத்த கோட்டையை விட்டுவிட்டு, பசியும் பேதியும் தாங்காமல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கின்றன. முதலில் யாருடைய அரிசி தீருகிறது என்பதே முற்றுகையின் முதல் கேள்வி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 1954ல் வியத்நாமில் நடந்த தியன் பியன் பூ முற்றுகையைப் பாருங்கள்.

வடமேற்கு வியத்நாமில், லாவோஸ் எல்லைக்கு அருகே, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு அது. நடுவே நெல் வயல்கள். 1953 நவம்பர் 20ந் தேதி பிரெஞ்சுப் பாரசூட் பட்டாளம் அங்கே குதித்தது. பிரெஞ்சுத் தலைமைத் தளபதி நவார் போட்ட கணக்கு இது: வியத்மின் படை லாவோஸுக்குப் போகும் வழியை அடைப்போம். தாக்க வந்தால் சமவெளியில் வைத்து நசுக்குவோம். நமக்கு விமானத் தளம் இருக்கிறது. ரொட்டியும் குண்டும் ஆகாயத்தில் வரும். அவனுக்கு என்ன இருக்கிறது? அவன் அரிசி வர வேண்டிய ஊர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. இருக்கிற காட்டு ரோட்டை விமானத்தால் உடைப்போம். பெரிய பீரங்கியை அந்த மலைமேல் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் எத்தனை நாள் சுடுவான்? என்ன சாப்பிடுவான்?

இது முட்டாள் போட்ட கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். யுத்தக் கலையை முறையாகப் படித்தவர்கள் போட்ட கணக்கு. லாரிகளை எண்ணினார்கள், விமானங்களை எண்ணினார்கள். ஜனங்களை மட்டும் எண்ணவில்லை.

எதிர்ப்புறத் தளபதி வோ நுயென் ஜியாப். ஹனாய் நகரில் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். எந்த ராணுவக் கல்லூரியிலும் படித்தவரல்ல. 1944 டிசம்பரில் 34 பேரை வைத்துக்கொண்டு படை தொடங்கியவர். அவரிடம் ஹோ சி மின் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: வெற்றி நிச்சயம் என்றால் அடி, நிச்சயமில்லை என்றால் அடிக்காதே.

1954 ஜனவரியில் எல்லாம் தயார். இரண்டு பகல், மூன்று இரவுகளில் முடித்துவிடுவது என்று திட்டம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கிகளை வீரர்கள் வடம் கட்டி, தேர் இழுப்பதுபோல் கையால் இழுத்து மலை ஏற்றியிருந்தார்கள். சீன ஆலோசகர்களும் விரைந்து அடிக்கும் திட்டத்தையே ஆதரித்தார்கள். படை முழுவதும் துடித்துக்கொண்டிருந்தது.

ஜியாபுக்கோ தூக்கம் வரவில்லை. எதிரி நாளுக்கு நாள் பலப்பட்டு வருகிறான். இவ்வளவு பெரிய அரண் வரிசையை நம் படை இதுவரை தாக்கியதில்லை. பீரங்கியும் காலாட்படையும் சேர்ந்து போரிட்ட பழக்கம் போதாது. வெட்டவெளியில், பகலில், விமானத்தின் கீழ் போரிட வேண்டியிருக்கும். இரவெல்லாம் யோசித்துத் தலைவலி வந்து, நெற்றியில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜனவரி 26ந் தேதி காலை கமிட்டியைக் கூட்டினார். வாதம் நடந்தது. தாக்குதல் நிறுத்தப்பட்டது. தம் வாழ்நாளிலேயே மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! உயிரைக் கொடுத்து மேலே ஏற்றிய பீரங்கியைத் திரும்பக் கீழே இழுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் இழுத்தார்கள். ஒரு சரிவில் வடம் அறுந்து பீரங்கி உருண்டது. தோ வின் தியன் என்ற வீரர் சக்கரத்தின் கீழ் தம் உடலையே கட்டையாகக் கொடுத்துத் தடுத்தார், மாண்டார்.

அந்த நாளுக்கும் தாக்குதலுக்கும் இடையே 46 நாட்கள். சும்மா இருந்த நாட்களல்ல. ரோடு போட்டார்கள். மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிகளை உள்ளே பதுக்கினார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிசி சேர்த்தார்கள்.

அரிசிக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆள் தோளில் 20 கிலோ சுமக்கிறான் என்று வையுங்கள். நாளைக்கு முக்கால் கிலோ அவனே சாப்பிட வேண்டும். போக பத்து நாள், வர பத்து நாள். பதினைந்து கிலோ அவன் வயிற்றுக்கே சரி. போர்முனைக்கு மிஞ்சுவது ஐந்து கிலோ! இங்கேதான் சைக்கிள் வந்தது. ஏறி மிதிக்கிற சைக்கிளல்ல, தள்ளுகிற சைக்கிள். கைப்பிடியில் ஒரு நீளக் கம்பு, சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பு, சட்டத்துக்கு மூங்கில் முட்டு. ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள். சீனம் கொடுத்த லாரிகளும் பீரங்கிகளும் பேருதவி செய்தன. படகு, குதிரை, காவடி எல்லாம் சேர்ந்தன. இரவில் நடை, பகலில் காட்டில் உறக்கம். குண்டு விழுந்த ரோட்டை அன்றிரவே மூடினார்கள். வியத்நாம் தரும் கணக்குப்படி இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள், சுமார் 21,000 சைக்கிள்கள், சுமார் 25,000 டன் அரிசி. சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம்.

ஏன் சுமந்தார்கள்? 1953 டிசம்பரில் அவர்களுடைய தேசிய சபை நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்றது. அதை நடத்திய விதத்தில் கொடிய தவறுகள் நேர்ந்தன என்பதும் உண்மை. 1956ல் அதை ஜனங்கள் முன் ஒப்புக்கொண்டு பேசியவரும் இதே ஜியாப்தான். ஆனால் 1954ல் மூட்டை தள்ளிய குடியானவனுக்கு, அந்த ரோட்டின் கோடியில் ஒரு துண்டு வயல் தெரிந்தது.

மார்ச் 13ந் தேதி மாலை பீரங்கிகள் முழங்கின. முதல் அரண் அன்றிரவே விழுந்தது. மலையிலிருக்கும் பீரங்கியை நொடியில் நொறுக்குவேன் என்றிருந்த பிரெஞ்சுப் பீரங்கித் தலைவர் பிரோத், இரண்டு நாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் முடிவதற்குள் விமானத் தளத்தில் ஒரு விமானமும் இறங்க முடியாமல் போயிற்று. ஆகாயத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல வளைத்தவர்கள் பக்கமே விழுந்தன. யார் சோறு யாருக்குப் போகிறது, பார்த்தீர்களா!

கிழக்குக் குன்றுகளில் நேருக்கு நேர் மோதியதில் வியத்மின் வீரர்கள் குவியல் குவியலாக மாண்டார்கள். ஜியாப் மறுபடியும் முறையை மாற்றினார். துப்பாக்கியோடு மண்வெட்டியும் எடுத்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேல் பதுங்குகுழி வெட்டி, கயிற்றை இறுக்குவதுபோல் இறுக்கினார்கள். 56வது நாள், மே 7ந் தேதி மாலை, தளபதி தெ காஸ்த்ரி சிறைப்பட்டார். அவரோடு சுமார் பத்தாயிரம் பேர். அவர்களில் பலர் பசியாலும் நோயாலும் திரும்பி வரவில்லை. அந்தக் கோட்டையைக் காத்தவர்களில் அல்ஜீரியர், மொரோக்கர், ஆப்பிரிக்கர், வியத்நாமியரே கூட இருந்தார்கள். அடிமை நாட்டானை வைத்தே அடிமை நாட்டானை அடிப்பது ஏகாதிபத்தியத்தின் பழைய வித்தை.

ஜூனில் பிரான்சில் மந்திரிசபை மாறியது. ஜூலையில் ஜெனீவாவில் போர் நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அதே மெண்டெஸ் பிரான்ஸ் சர்க்கார்தான் 1954 நவம்பர் 1ந் தேதி புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. தியன் பியன் பூவினால் மட்டும் புதுச்சேரி விடுபட்டது என்று சொல்லமாட்டேன். 1936 ஜூலை 30ந் தேதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 12 மில் தொழிலாளரின் ரத்தத்துக்கு அதில் பங்கு உண்டு. அதே நவம்பர் 1ந் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது.

ஜியாப் 2013ல், 102வது வயதில் காலமானார். அவரைப் பெரிய தளபதி என்று உலகம் சொல்கிறது. எதனால் பெரியவர்? அடி என்று எல்லோரும் துடித்த நாளில் நில் என்று சொன்னார். நின்ற நாட்களில் அரிசி சேர்த்தார்.

மில் கேட்டில் நாம் உட்காருவதும் ஒரு முற்றுகைதான். அறுவடைக் காலத்தில் கூலி கேட்டு அரிவாளைக் கீழே வைப்பதும் முற்றுகைதான். முதலாளியின் கிடங்கில் எத்தனை நாள் சரக்கு இருக்கிறது என்று பாருங்கள். நம் வீட்டுப் பானையில் எத்தனை நாள் அரிசி இருக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்து ஊர் நமக்கு ஒரு மூட்டை அனுப்புமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாள் குறியுங்கள். குறித்த பிறகு பின்வாங்காதீர்கள்.