பையில் போகும் மடிக்கணினி உடைந்தால் யார் பொறுப்பு?

(மறைமலை நகரில் நடைபெற்ற மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மாதம் மடிக்கணினியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் நம்மிடம் வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் "லேப்டாப் உடைந்துவிட்டது" என்ற வரியை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருள். அதற்காக நகையை வட்டிக்கு அடகு வைத்த குடும்பங்களும் உண்டு. அந்த விஷயத்தை இன்னொரு கூட்டத்தில் தனியாகவே பேச வேண்டும். செமஸ்டர் நடுவில் திரை நொறுங்கினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நம் பகுதியில் இது உடைவதற்கு இடத்துக்கா பஞ்சம்? காலை நேரத்தில் தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் பொத்தேரிக்கு முன்னால் இருக்கும் நெரிசல் நாம் அறிந்தது. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் பையை மாட்டிக்கொண்டு போகிறோம். கம்பெனி பஸ்ஸில் மேல் தட்டிலிருந்து பை விழுகிறது. அதே பைக்குள் தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், பாதிச் சேதம் அந்தப் பாட்டிலால்தான்.

முதலில் வாரண்டி. "ஒரு வருஷம் வாரண்டி இருக்கு, கவலை இல்லை" என்று நினைக்கிறோம். அந்த வாரண்டி, தயாரிப்பில் இருக்கும் குறைக்கு மட்டுமே. கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, திரை அழுத்தப்பட்டு உடைந்தது எதுவும் அதில் சேராது. இவற்றுக்கு "ஆக்சிடெண்டல் டேமேஜ்" என்ற தனித் திட்டம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் வாங்கும்போதோ, வாங்கிய சில நாட்களுக்குள்ளோதான் எடுக்க முடியும். கடைக்காரர் "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கோங்க" என்று சொல்வது வேறு. அது அதே பழைய வாரண்டியைக் கூடுதல் காலத்துக்கு நீட்டுவது மட்டும்தான். இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிட்டு, உடைந்த பிறகு ஏமாந்து நிற்பவர்கள் அதிகம். பில் போடும் முன்பே கேளுங்கள்: கீழே விழுந்தால் உண்டா? தண்ணீர் கொட்டினால் உண்டா? திருட்டுப் போனால் உண்டா? வருஷத்துக்கு எத்தனை முறை? நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? பதிலை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள்.

ரயிலில் உடைந்தால் ரயில்வே தருமா? 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவு, புக் செய்யாமல் நம் கையில் வைத்திருக்கும் சாமானுக்கு, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவை நிரூபித்தால் தவிர, ரயில்வே பொறுப்பில்லை என்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. டிக்கெட்டில் 45 பைசாவுக்கு வரும் இன்ஷூரன்ஸ் உயிருக்கும் காயத்துக்கும் உரியது, பைக்கு அல்ல. விமானத்தில் மடிக்கணினியைக் கையோடு கொண்டு போங்கள், லக்கேஜில் போடாதீர்கள். வளைகுடா போகும் தம்பிகளுக்கு ஒன்று: வெளிநாட்டுப் பயணத்தில் லக்கேஜில் போட்ட பொருள் சேதமானால், பையை வாங்கிய 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்று மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுண்டரில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் லக்கேஜில் போட்ட மின்னணுப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பல விமான நிறுவனங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இனி, இங்கே பலருக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம். மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கையில் இருப்பது கம்பெனி லேப்டாப். அது உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் வெளியே தெரிந்த கடையில் சொந்தக் காசில் ரிப்பேர் செய்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். கம்பெனி அதற்கு ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கலாம். வெளியில் பிரித்துவிட்டால் அந்தக் கிளெய்மும் போய்விடும். பிடித்தம் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. நம் பொறுப்பில் கொடுத்த பொருள், நம் கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால் மட்டுமே பிடிக்கலாம். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் விளக்கம் சொல்ல நமக்கு வாய்ப்புத் தர வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. பைக்கில் பின்னால் வந்து இன்னொருவர் இடித்ததற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? நடந்ததை அன்றைக்கே மேலாளருக்கு ஈமெயிலில் எழுதுங்கள். விபத்து என்றால் போலீஸில் கொடுத்த மனுவின் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

"இன்ஷூரன்ஸ் ஹலாலா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானம், வணிக இன்ஷூரன்ஸை மறுத்தது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. அந்த முறையில் நடப்பதுதான் தகாஃபுல். பக்கத்தில் இலங்கையில் அமானா தகாஃபுல் 1999 முதல் இருக்கிறது. நம் நாட்டில் தகாஃபுலுக்கென்று உரிமம் பெற்ற நிறுவனம் இல்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதைப் போல இது சட்டக் கட்டாயமும் இல்லை. ஆகவே உங்கள் உலமாவிடம் திட்டத்தின் தாளைக் காட்டி, பணத்தை யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று விளக்கிக் கேளுங்கள். தயாரிப்பாளரே ரிப்பேர் செய்து தரும் சேவைத் திட்டத்தையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம்.

பாலிசி எடுத்தவர்கள், கிளெய்ம் மறுக்கப்பட்டால் சோர்ந்துவிட வேண்டாம். முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். வக்கீல் தேவையில்லை. ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கடை ஏமாற்றியது என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தண்ணீர் பட்டால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை; தூசிதான் உள்ளே போகும். உடைந்த நிலையில் போட்டோ எடுங்கள். பாலிசி இருந்தால் கம்பெனிக்குச் சொல்லும் முன் எந்தக் கடையிலும் திறக்கவிடாதீர்கள். பெண் பிள்ளைகளின் லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும்போது, சொந்தப் படங்கள் உள்ளே இருப்பதை நினைவில் வையுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் பில்லையும் போட்டோ எடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பில் மங்கிப் போயிருந்தால் வாங்கிய கடையில் நகல் கேளுங்கள். மாணவர்களின் ரிப்பேர் செலவுக்கு மட்டும் வட்டியில்லாக் கடனாக, அழகிய கடனாக, ஒரு சிறு தொகையை ஒதுக்கலாமா என்று கமிட்டியில் பேசி வருகிறோம். அதில் பங்களிக்க விரும்புவோரும், வாரண்டித் தாள் புரியாதவர்களும் ஜும்ஆவுக்குப் பிறகு எங்களிடம் வாருங்கள். தாளைக் கையோடு கொண்டு வாருங்கள்.